எஸ்ஸாவிரா போகிறவர்கள் மீன் கடையில் உட்காருமுன் இதைப் படித்துவிடுங்கள்

மொரோக்கோவின் எஸ்ஸாவிராவில் நாங்கள் மூன்று பேர் ஒரு வேளை மீன் சாப்பிட்டதற்கு எங்களிடம் கேட்ட தொகை 1,100 திர்ஹாம். நூறு யூரோவுக்கு மேல். நம்மூர்க் கணக்கில் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பணம் போனது ஒரு பக்கம். அம்மா கைவைத்துப் பார்த்து எடுத்துக்கொடுத்த மீனை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு, வேறொரு பழைய மீனைச் சுட்டு எங்கள் முன்னால் வைத்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. பாரிஸில் இருக்கும் நம் ஆட்கள் பலர் இப்போது விடுமுறைக்கு அந்த ஊருக்குப் போகிறீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அருமையான ஊர். மராகேஷிலிருந்து பேருந்தில் மூன்று மணி நேரம். அங்கே நாற்பது டிகிரி வெயிலில் வெந்துகொண்டிருந்தோம். இங்கே இறங்கியதும் அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அட்லாண்டிக் காற்று அப்படி அடிக்கிறது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை அந்தக் காற்று ஓயாது. கடற்கரையில் துண்டு விரித்துப் படுக்கலாம் என்று போனால் கண், காது, வாய் எல்லாம் மணல்தான். பட்டத்தைக் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்குகிறவர்களுக்குத்தான் அந்தக் கரை. மற்றவர்கள் மதிலுக்குள் நடக்கலாம்.

அந்த மதில் நகரம் 1760களில் சுல்தான் சிதி முகம்மது பின் அப்துல்லா கட்டியது. தியோதோர் கோர்னு என்ற பிரெஞ்சுக்காரர் வரைபடம் போட்டுக் கொடுத்ததால் தெருக்கள் நேராக ஓடும். ஃபெஸ், மராகேஷ் போல உள்ளே போனவர் வெளியே வரமுடியாமல் சுற்றவேண்டியதில்லை. காரைக்காலில் பிறந்து புதுச்சேரியில் படித்த எனக்கு அந்த வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் நேர்த்தெருவும் பார்த்த ஊர் போலவே இருந்தன. 2001 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. கடலைப் பார்த்த ஸ்கலா கொத்தளத்தில் பழைய பீரங்கிகள் வரிசையாக நிற்கின்றன. அதன் கீழே கல் அறைகளில் தூயா மரத்தைக் கடைந்து பெட்டி செய்கிறார்கள். அந்த வாசனைக்காகவே அந்தத் தெருவில் இரண்டு முறை நடந்தேன். யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. மூன்று நாளும் அப்படித்தான் இருந்தது. அந்த நிம்மதியில்தான் கவனம் விட்டுப்போனது.

துறைமுகத்துக்கும் மூலே ஹசன் சதுக்கத்துக்கும் இடையில் மீன் சுடும் கடைகள் வரிசையாக இருக்கும். ஐஸ் மேல் மீனைப் பரப்பி வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே நீலப் படகுகள், தலைக்கு மேலே கடற்காகங்கள். மீன் தெரிந்தவர்களுக்குக் கால் தானாக நின்றுவிடும். என் அம்மா மீன் தெரிந்தவர். காரைக்கால் கடற்கரையில் ஏலத்துக்கு வரும் கூடையைப் பார்த்தே இது நேற்றைய மீன், இது விடிகாலை மீன் என்று சொல்லிவிடுவார். அன்றும் ஒவ்வொரு கடையாக நின்று, செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, ஒரு மீனை எடுத்தார். பிரெஞ்சில் 'லூ' என்பார்கள். நம்மூர்க் கொடுவாவின் சாயலில் இருக்கும். கண் தெளிவாகப் பிதுங்கி நின்றது. வால் துடுப்பில் கீழ்ப்பக்கம் சின்னதாக ஒரு கிழிசல். இந்தக் கிழிசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விலை கேட்டேன். "நாற்பது, எல்லாம் சேர்த்து நாற்பது" என்று எங்களைக் கடைக்கு அழைத்தவர் பிரெஞ்சில் சொன்னார். பலகையிலும் 40 என்று பெரிதாக எழுதியிருந்தது. ஒரு தட்டுக்கு நாற்பது என்று எடுத்துக்கொண்டேன். கூட அரை கிலோ இறாலும் சொன்னோம். மீனைத் தராசில் வைத்தார். தராசு அவர் பக்கம் திரும்பியிருந்தது. பிளாஸ்டிக் தட்டோடு, அடியில் ஒட்டியிருந்த ஐஸோடு, மீன் போய் உட்கார்ந்தது. "ஒன்று எழுநூறு" என்று சொல்லிவிட்டு உள்ளே எடுத்துப்போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, "தம்பி, அது ஒண்ணேகாலுக்கு மேல வராது" என்றார். நான் பேசாமல் இருந்துவிட்டேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ஆலிவ் வந்தது, தக்காளி சாலட் வந்தது, ரொட்டி, ஏதோ சிவப்புக் குழம்பு, தண்ணீர் பாட்டில் எல்லாம் வந்தன. எல்லாம் சேர்த்து என்றாரே, அதுதான் போல என்று சாப்பிட்டோம். மீன் வந்தது. முதுகைப் பிளந்து விரித்துச் சுட்டிருந்தார்கள். அம்மா ஒரு வாய் எடுத்தார். விரலில் சதை மாவாகக் குழைந்தது. நல்ல மீன் சுட்டால் இதழ் இதழாகப் பிரியும், இப்படிக் குழையாது. தட்டைத் திருப்பி வாலைப் பார்த்தார்.

"இது நான் காட்டுன மீன் இல்லடா."

வால் முழுசாக இருந்தது. கிழிசல் இல்லை. நீளமும் ஒரு சாண் குறைவு. எழுந்து ஐஸ் மேடைக்குப் போனேன். வாலில் கிழிசலோடு எங்கள் மீன் திரும்பவும் வரிசையில் முதலாவதாகப் படுத்திருந்தது. அடுத்த ஆளுக்குக் காட்டுவதற்கு.

பில்லில் இருந்தது இது: மீன் 1.7 கிலோ, 680. இறால் 200. சாலட், ரொட்டி, ஆலிவ், தண்ணீர் 120. அதன்மேல் சேவைக்கென்று 100. பலகைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். 40க்குக் கீழே, கட்டை விரல் நகம் அளவு எழுத்தில், நூறு கிராமுக்கு என்று எழுதியிருந்தது. அந்த எழுத்துக்கு முன்னால் எலுமிச்சைக் கூடை வைத்திருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், கூடையை நகர்த்தித்தான் காட்டினார்கள்.

சண்டை போட்டேன். என் மனைவி ஐஸ் மேலிருந்த மீனையும் தட்டில் கிடந்ததையும் கைப்பேசியில் படம் எடுத்தார். அதற்குப் பிறகுதான் குரல் கொஞ்சம் இறங்கியது. போலீஸைக் கூப்பிடுவோம் என்று முதலில் அவர்கள்தான் மிரட்டினார்கள். கூப்பிடுங்கள், இந்த மீனை மறுபடி தராசில் வைப்போம் என்றேன். கூப்பிடவில்லை. 700க்கு வந்தார்கள். அம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். வெளியூரில் மகன் அடிதடியில் மாட்டிக்கொள்வானோ என்று பயம். அதைப் பார்த்ததும் கொடுத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மறுநாள் எங்களைக் காப்பாற்றியது நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா. கதையைக் கேட்டுவிட்டு, மதீனாவுக்குள், அதாவது மதில் சூழ்ந்த பழைய நகரத்துக்குள், இருக்கும் மீன் சந்தைக்குத் தன் பையனைக் கூட அனுப்பினார். அங்கே வழக்கம் வேறு. வியாபாரியிடம் மீனை நீங்களே வாங்க வேண்டும். கிலோ விலை பேசி, தராசைப் பார்த்து, அங்கேயே சுத்தம் செய்யச் சொல்லி, பையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் கரி அடுப்பு வைத்திருப்பவரிடம் கொடுக்க வேண்டும். அவருக்குச் சுடுகூலி மட்டும். எங்களுக்கு மீனும் கூலியும் ரொட்டியும் சேர்த்து 200 திர்ஹாம்கூட ஆகவில்லை. கல்லுப்பும் சீரகமும் தூவி மத்தியும் ஒரு கிலோ சுட்டுக் கொடுத்தார். ஒரு காலத்தில் அந்த ஊரே மத்தி மீனில் வாழ்ந்த ஊர். அம்மா அடுப்பைவிட்டு நகரவே இல்லை, மீன் கண்ணைவிட்டு மறையக்கூடாது என்று. அடுப்புக்காரர் சிரித்துக்கொண்டே அவருக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார். நான்கு மொழி பேசி எங்களை அழைத்த துறைமுகக் கடைக்காரரைவிட, ஒரு மொழியும் பொதுவாக இல்லாத இந்த மனிதரோடுதான் அம்மா அதிகம் பேசினார்.

துறைமுகக் கடைகள் எல்லாமே இப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே உட்காருவதாக இருந்தால், விலை கிலோவுக்கா நூறு கிராமுக்கா தட்டுக்கா என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெறும் தட்டைத் தராசில் வைத்து முள் பூஜ்யத்துக்கு வந்ததா என்று பார்த்த பிறகு மீனை வைக்கச் சொல்லுங்கள். மொத்தத் தொகையைத் தாளில் எழுதி வாங்குங்கள். கேட்காமல் வருவதை மேசையில் வைக்கவிடாதீர்கள். முக்கியமாக, மீனை எடுத்ததும் கடைக்காரர் கண் முன்னாலேயே படம் எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு மாற்றத் துணிய மாட்டார்கள்.

சாமான் தூக்கும் விஷயமும் உண்டு. மதிலுக்குள் கார் போகாது. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். எங்களிடம் முதல் நாள் வண்டிக்காரர் 100 கேட்டார். வீட்டுக்கார அம்மா 20க்கு மேல் கொடுக்காதே என்று பிறகு சொன்னார். உழைக்கிற மனிதர், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தங்கும் இடத்துக்கு முன்கூட்டியே பேசி, எவ்வளவு என்று கேட்டுவைத்துக்கொண்டால் போதும்.

அந்தப் பக்கத்து ஆர்கன் மரத்தின் கொட்டைப் பருப்பிலிருந்து பிழிகிற ஆர்கன் எண்ணெயின் கதை அப்படி விடக்கூடியதல்ல. அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் திரும்பும்போது மராகேஷுக்குப் பேருந்தில் போகாமல் கார் பிடித்தோம். ஊரைத் தாண்டி அரை மணி நேரத்தில் ஓட்டுநர் தானாகவே வண்டியை ஓரங்கட்டினார். சாலையோரம் ஓர் ஆர்கன் மரம், கிளைக்குக் கிளை ஆடுகள். படம் எடுங்கள், எடுங்கள் என்றார். ஆர்கன் பழத்துக்காக அந்தப் பக்கத்து ஆடுகள் மரம் ஏறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மரத்தில் ஒரு பழம்கூட இல்லை. கவைகளில் பலகை அடித்து வைத்திருந்தார்கள். ஆடு வளர்த்த கை அம்மாவுடையது. கிட்டே போய்ப் பார்த்தவர், ஒரு குட்டியின் பின்னங்காலைக் காட்டினார். நைலான் கயிறு. உச்சி வெயிலில் நாக்கு தள்ளி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துவிட்டார். படமே எடுக்காத எங்களிடம் ஆளுக்கு 20 திர்ஹாம் கேட்டு ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்.

அடுத்த நிறுத்தம், பெண்கள் கூட்டுறவு என்று பலகை மாட்டிய கடை. வாசலில் இரண்டு பாட்டிமார் கல்லில் கொட்டையை வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையான கூட்டுறவுகள் அந்தப் பகுதியில் இருக்கின்றன. அந்தப் பெண்கள் செய்வது கடும் உழைப்பு. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு முப்பது கிலோ பழம் வேண்டும் என்கிறார்கள், அத்தனைக் கொட்டையும் கையால் உடைத்தது. அந்த உழைப்புக்குக் கொடுக்கிறோம் என்றுதான் சமையல் எண்ணெய் அரை லிட்டர் 350 திர்ஹாமுக்கு வாங்கினேன். பில் போட்டதும் பணம் வாங்கியதும் ஒரு வாலிபர். பின்னால் எண்ணெய் பிழிகிற இடமும் இல்லை, பருப்பு வறுக்கிற வாசனையும் இல்லை. ஓட்டுநருக்குத் தனியாக ஏதோ கைமாறியதை என் மனைவி பார்த்தார்.

வீட்டுக்கு வந்து திறந்தால் எந்த மணமும் இல்லை. எஸ்ஸாவிராவில் காலையில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள வீட்டுக்கார அம்மா கொடுத்த எண்ணெயை நாங்கள் மூன்று நாள் சாப்பிட்டிருக்கிறோம். மூடியைத் திறந்ததும் வறுத்த கொட்டை வாசனை அறை முழுக்க வரும். சமையலுக்கான ஆர்கன் எண்ணெய் பருப்பை வறுத்துப் பிழிவது, நிறமும் கொஞ்சம் அடர்த்தி. தோலுக்கும் முடிக்கும் பூசுவது வறுக்காமல் பிழிவது. வெளுத்த பொன்னிறம், மணம் குறைவு. நான் வாங்கியது இரண்டிலும் சேராது. அம்மா நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்து, சூரியகாந்தி என்றார்.

ஓட்டுநர் கொண்டுபோய் இறக்கும் கடையில் வாங்காதீர்கள். போத்தலில் தயாரித்தவர் பெயர், முகவரி, தேதி, தொகுதி எண் இருக்கிறதா என்று பாருங்கள். வாங்குமுன் மூடியைத் திறந்து முகரக் கேளுங்கள். நல்ல சரக்கு வைத்திருப்பவர் தானே ரொட்டித் துண்டை நீட்டுவார். மரத்தில் ஆடு தெரிந்தால் வண்டியை நிறுத்த வேண்டாம் என்று கிளம்பும்போதே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். இறங்கிக் காசு கொடுக்க ஆள் இருக்கும்வரை அந்தக் குட்டி அங்கேதான் கட்டப்பட்டிருக்கும்.

எண்ணெயைத் திருப்பித் தரலாம் என்று ரசீதை எடுத்துப் பார்த்தேன். தொகை மட்டும்தான் எழுதியிருந்தது. கடையின் பெயர்கூட இல்லை.