சான்றிதழா, தணிக்கை அறிக்கையா? உணவு விநியோகச் சங்கிலியில் எதை நம்பலாம்

உணவுப் பாதுகாப்புக்கு எந்தச் சான்று வாங்கலாம் என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் அதிகம். அங்கே குழம்ப அவ்வளவு இல்லை. தொழிலாளர் நலன் சார்ந்த சான்றுகளில்தான் வேறுபாடு ஆழமானது. அதைப் பற்றித்தான் குறைவாகப் பேசுகிறோம்.

எஃப்எஸ்எஸ்சி 22000, பிஆர்சிஜிஎஸ், ஐஎஃப்எஸ் என்ற மூன்று உணவுப் பாதுகாப்புச் சான்றுகளுக்கும் அடித்தளம் ஹெச்ஏசிசிபி. கிருமியோ ரசாயனமோ உலோகத் துணுக்கோ எந்தக் கட்டத்தில் உணவில் கலக்கலாம் என்று முன்பே கணித்து, அங்கேயே தடுக்கும் முறை அது. உணவுப் பாதுகாப்புச் சான்றுகளை ஒப்பிட்டு அங்கீகரிக்கும் உலக அமைப்பான ஜிஎஃப்எஸ்ஐ மூன்றையும் ஏற்றிருக்கிறது. ஐஎஸ்ஓ 22000 என்ற சர்வதேசத் தரநிலைக்குத் தனியாக அந்த ஏற்பு இல்லை. அந்தத் தரநிலையோடு துறைக்கேற்ற சுகாதார அடிப்படைகளும் கூடுதல் நிபந்தனைகளும் சேர்ந்ததே எஃப்எஸ்எஸ்சி.

மற்றபடி பாணிதான் வேறு. பிஆர்சிஜிஎஸ் ஒவ்வொரு நிபந்தனையையும் விரித்து எழுதி, கிரேடு போடும். முன்னறிவிப்பின்றி நடந்த தணிக்கை என்றால் கிரேடோடு ஒரு கூட்டல் குறி வரும். எஃப்எஸ்எஸ்சியில் கிரேடு கிடையாது. மூன்றாண்டுச் சான்று, ஆண்டுதோறும் தணிக்கை. ஏற்கெனவே ஐஎஸ்ஓ முறையில் இயங்கும் ஆலைக்கு இது எளிது. ஐஎஃப்எஸ் ஜெர்மனி, பிரான்ஸ் சில்லறை நிறுவனங்கள் உருவாக்கியது. வாங்குபவர் எதைக் கேட்கிறாரோ அதை எடுங்கள்.

மதிப்பெண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். 2011இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையின் முலாம்பழத்தில் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 33 பேர் இறந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் ஒரு தனியார் தணிக்கை அந்தப் பண்ணைக்கு 96 மதிப்பெண் தந்திருந்தது. பழம் கழுவும் நீரில் கிருமிநாசினி சேர்க்கப்படவில்லை என்பதும் அதே அறிக்கையில் பதிவாகியிருந்தது.

இனி தொழிலாளர் பக்கம். தொழிலாளர் நலனுக்கான எஸ்ஏ 8000 முழுமையான சான்றிதழ். வாரத்துக்கு 48 மணி நேர வேலை, விரும்பினால் மட்டும் ஓவர்டைம், அதுவும் வாரத்துக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வாழப் போதுமான ஊதியம், சங்கம் சேரும் உரிமை எல்லாம் அதில் உண்டு. எழுத்தில் இதுவே மிகக் கடுமையானது. ஸ்மெட்டா சான்றிதழே இல்லை, ஒரு தணிக்கை முறை. தேர்ச்சி, தோல்வி என்ற பேச்சில்லாமல், கண்ட குறைகள் அறிக்கையாக, வாங்கும் நிறுவனங்கள் பார்க்கும் செடெக்ஸ் என்ற இணையத் தளத்தில் ஏறும். "நாங்கள் ஸ்மெட்டா சான்று பெற்றவர்கள்" என்று ஒரு ஆலை எழுதியிருந்தால், அந்த வாக்கியமே தவறு. இதேபோன்ற இன்னொரு தணிக்கை முறையான பிஎஸ்சிஐயும் சான்றிதழ் இல்லை. ஏ முதல் ஈ வரை தரம் பிரிக்கும்.

அப்படியானால் கடுமையானதையே தேர்ந்தெடுக்கலாமே? 2012 செப்டம்பரில் கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வெளியேறும் வழிகள் பூட்டிக்கிடந்தன, ஜன்னல்களில் கம்பிகள். அந்தத் தொழிற்சாலைக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் எஸ்ஏ 8000 கிடைத்திருந்தது. இதைப் படித்த நாளிலிருந்து சுவரில் சட்டமிட்டு மாட்டிய சான்றிதழை நான் நம்புவதில்லை. தணிக்கைக் கட்டணத்தைத் தணிக்கை செய்யப்படுபவரே கொடுப்பது இந்த ஏற்பாட்டின் பிறவிக்கோளாறு. எழுத்தில் எவ்வளவு கடுமை சேர்த்தாலும் அது தீராது.

ஆகவே என் தேர்வு, முன்னறிவிப்பின்றி நடந்த ஸ்மெட்டா தணிக்கையின் முழு அறிக்கை. அதில் முதலில் நேர்காணல் பகுதியைப் படிப்பேன்: எத்தனை பேரிடம் பேசினார்கள், மேலாளர் இல்லாத இடத்திலா, ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்களா? குறையே இல்லாத அறிக்கை வந்தால் சந்தேகம் கூடும்.

இவை எல்லாவற்றையும்விட வலுவான ஏற்பாடு ஒன்று ஃபுளோரிடாவின் தக்காளி வயல்களில் இருக்கிறது. இம்மோகலி தொழிலாளர் கூட்டமைப்பு உருவாக்கிய நியாய உணவுத் திட்டத்தில், புகார் சொல்ல 24 மணி நேரமும் தொலைபேசி உண்டு. உரிமைகளைத் தொழிலாளர்களே தொழிலாளர்களுக்குச் சொல்லித்தருகிறார்கள். விதியை மீறித் திட்டத்திலிருந்து நீக்கப்பட்ட பண்ணையிடம் வாங்குவதை நிறுத்துவோம் என்று பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. தணிக்கையாளர் வந்துபோகும் இரண்டு நாட்களுக்கு வெளியே, மற்ற நாட்களிலும் அங்கே வயலில் ஒரு கண் இருக்கிறது.