புறக்கோட்டையில் வாங்கிய எல்இடி சாப்ட்பாக்ஸ்: சாப்பாட்டுப் படங்களுக்கு எப்படி?

வெள்ளவத்தை ஃபிளாட்டுகளில் பின்னேரம் ஜன்னல் வெளிச்சத்தை நம்பிச் சாப்பாட்டைப் படம் எடுக்க முடியாது, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மத்தியானமே இருண்டுவிடும், அதனால்தான் வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி பூட்டிய இந்த 60 வாட் லைட்டை வாங்கினேன். நல்ல சாமான். 5600 கெல்வின் (பகல் வெளிச்ச நிறம்), சிஆர்ஐ 95 (நிறங்களை உள்ளபடி காட்டும் அளவு, உச்சம் 100) என்று பெட்டியில் போட்டிருக்கிறது. நண்டுக் கறியை வைத்துப் பார்த்தேன், மிளகாய்த் தூளின் சிவப்பு சிவப்பாகவே வருகிறது, சமையலறை டியூப் லைட்டின் பச்சைச் சாயல் துளியும் இல்லை.

லைட்டை நேர் முன்னால் வைக்காதீர்கள், படம் தட்டையாகிவிடும். தட்டுக்குப் பின்பக்கமாகக் கொஞ்சம் சரித்து வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டை நிறுத்துங்கள்: குழம்பில் மிதக்கும் எண்ணெய் மினுங்கும், இடியப்பத்தின் இழைகள் தனித்தனியாகத் தெரியும், பின்னணி கறுப்பாக இருந்தால் சொதியின் ஆவிகூடப் படத்தில் விழும். அப்புறம், அறை லைட்டைக் கட்டாயம் அணையுங்கள். மஞ்சள் பல்ப் வெளிச்சம் கலந்தால் வெள்ளைச் சோறு ஒரு பக்கம் மஞ்சளாகிவிடும், பிறகு எடிட்டிங்கில் சரிசெய்வது பெரும்பாடு.

குறைகளும் உண்டு. வெளிச்சத்தைக் குறைத்தால் போன் படத்தில் கோடு கோடாக விழுகிறது, முழு வெளிச்சத்தில் வைத்துவிட்டு போன் கமராவின் ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறனை) குறைப்பதுதான் வழி. பிளக் இரண்டு பின், அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். வீடியோ எடுக்கிறவர்கள் வேறு லைட் பாருங்கள், இதன் ஃபான் இரைச்சல் ஒலிப்பதிவில் அப்படியே கேட்கிறது.