ரெசின் நகைப் பராமரிப்பு செட்: எட்டுப் பொருளில் எதற்குக் காசு கொடுக்கலாம்?

கையால் செய்த ரெசின் (திரவமாக ஊற்றி இறுகவைக்கும் ஒருவகை பிளாஸ்டிக்) நகைகளுக்கென்றே தனிப் பராமரிப்பு செட் இப்போது ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறது. பெயரும் பெட்டியின் நிறமும்தான் மாறும். உள்ளே இருப்பவை பெரும்பாலும் ஒன்றுதான். மைக்ரோஃபைபர் துணி, சின்ன பாட்டிலில் கிளீனிங் திரவம், மென்மையான பிரஷ், நான்கைந்து உப்புத்தாள் துண்டுகள், பாலிஷ் கிரீம், 'யூவி பாதுகாப்பு' ஸ்பிரே, வினைல் பை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். கூடவே ஒரு குறிப்புத் தாள். இதில் துணி, உப்புத்தாள், பாலிஷ் மூன்றும் காசுக்குத் தகும். திரவம் தண்டம். ஸ்பிரேயையும் பையையும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

காரணம் ரெசினின் குணத்தில் இருக்கிறது. நகைக்குப் பயன்படுவது பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, ரெசினையும் அதை இறுகவைக்கும் ஹார்டனரையும் அளவு பார்த்துக் கலந்து ஊற்றும் எபாக்சி. இது சுமார் 24 மணி நேரத்தில் அச்சிலிருந்து எடுக்கும் பதத்துக்கு வந்தாலும், முழுதாக இறுக 3 முதல் 7 நாள் பிடிக்கும். மற்றது, யூவி (புற ஊதா) விளக்கொளியில் சில நிமிடங்களில் இறுகும் யூவி ரெசின். இரண்டுமே இறுகிய பிறகு உருகாது. ஆனால் சூட்டில் இளகும். அறை வெப்பத்தில் இறுகிய எபாக்சி பலவற்றுக்கு 50 டிகிரி செல்சியஸுக்கு முன்பின்னாகவே இளக்கம் தொடங்கிவிடும். மேற்பரப்பும் கண்ணாடி போலத் தெரியுமே தவிர, கண்ணாடியின் கடினம் அதற்குக் கிடையாது. ஆக, இந்த நகைகளைக் கெடுப்பவை நான்கு: கீறல், சூடு, ஆல்கஹால், வெயில். செட்டில் உள்ள பொருள்களால் உருப்படியாகச் சமாளிக்க முடிவது முதலாவதை மட்டுமே. பெட்டி மேல் 'முழுப் பாதுகாப்பு' என்று போட்டிருப்பதை அந்த அளவில் எடுத்துக்கொண்டால் போதும்.

முதலில் திரவம். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எத்தனால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அசிட்டோன் என்று ஏதாவது இருந்தால் அந்த பாட்டில் ரெசினுக்கு ஆகாது. முழுதாக இறுகிய எபாக்சியை ஆல்கஹால் தொட்டு ஒரு தடவை துடைத்தால் ஒன்றும் ஆகிவிடாது. வாரா வாரம் துடைத்தாலோ ஊறவைத்தாலோ மேல்பரப்பு மெல்ல மென்மையாகி, பால் படர்ந்ததுபோல ஒரு மூட்டம் விழும். சரியாக இறுகாத யூவி ரெசினில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். அசிட்டோனுக்கு அந்த அவகாசம்கூடத் தேவையில்லை. அதனால்தான் நெயில் பாலிஷ் ரிமூவர் பட்ட மோதிரத்தில் விரல் அடையாளம் அப்படியே பதிந்துபோகிறது. லேபிளில் இவை எதுவும் இல்லையென்றால், பெரும்பாலும் நீங்கள் வாங்கியது வாசனை சேர்த்த சோப்புத் தண்ணீர். அதை வீட்டிலேயே தயார் செய்யலாம்: 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் துலக்கும் லிக்விட் 2 சொட்டு. விரல் வைத்தால் சுடக் கூடாது.

நகையை அதில் ஊறவைக்க வேண்டாம். முக்கி எடுத்து, விரல் நுனியால் அரை நிமிடம் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றித் துடைத்தால் போதும். பின்பக்கம் உலோகத் தட்டில் ரெசின் ஊற்றிய வகையாக இருந்தால், தட்டுக்கும் ரெசினுக்கும் நடுவில் தண்ணீர் தங்கும். அதைக் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம் காயவிட்ட பிறகே பெட்டிக்குள் போடுங்கள். மரமும் ரெசினும் சேர்ந்த வகைக்குத் தண்ணீரே கூடாது. மரம் நீர் இழுத்து உப்பும், ரெசின் உப்பாது. இணைப்பு ஓரத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விடும். ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மரப் பகுதிக்கு மட்டும் கொஞ்சம் தேன்மெழுகு தடவுங்கள்.

பிரஷ் நல்ல பிரஷ்தான். கொக்கி, வளையம், வேலைப்பாட்டு இடுக்கு இவற்றுக்கு அது போதும். குழந்தைகளுக்கான டூத் பிரஷும் அதே வேலையைச் செய்யும்.

துணியில் ஒரு சூட்சுமம். சில செட்களில் இரண்டு துணி இருக்கும். ஒன்று சாதாரண மைக்ரோஃபைபர். மற்றது வெள்ளி துடைக்கும் பாலிஷ் துணி. இரண்டாவதில் மிக நுண்ணிய உரசு பொடி ஏற்றியிருக்கும். உலோகத்தில் தேய்த்தால் துணி கறுக்கும், அதுதான் அடையாளம். அது கொக்கிக்கும் செயினுக்கும் உரியது. குவிந்த ரெசின் முகப்பில் தொடர்ந்து தேய்த்தால், விளக்கு வெளிச்சத்தில் வட்ட வட்டமான மெல்லிய கோடுகளாகத் தெரியும். முலாம் பூசிய கொக்கியாக இருந்தால் அதற்கும் வேண்டாம், முலாம் தேய்ந்துவிடும். மைக்ரோஃபைபரைக்கூட உலர்ந்த தூசி மேல் தேய்க்காதீர்கள். தூசியில் இருக்கும் மணல் துகள் ரெசினைவிடப் பல மடங்கு கடினமானது. அப்போது கீறுவது துணி அல்ல, துணிக்கும் ரெசினுக்கும் நடுவே மாட்டிய மணல். முதலில் அலசல், பிறகு துடைப்பு. துணியைத் துவைக்கும்போது ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்கக் கூடாது. அதன் பிசுக்கு நகையில் ஒட்டும்.

இனி செட்டின் உண்மையான மதிப்பு இருக்கும் இடம்: உப்புத்தாளும் பாலிஷும்.

கீறல் விழுந்த இடத்தில் எதையும் தேய்ப்பதற்கு முன், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஈரத்தில் கீறல் கண்ணுக்குத் தெரியாமல் போனால் அது மேலோட்டமானது. பாலிஷோ, கடைசி நம்பர் உப்புத்தாளோ போதும் (நம்பர் கூடக் கூடத் தாள் நுண்மையாகும்). ஈரத்திலும் கோடு தெரிந்தால், நகத்தை அதன் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் 800 நம்பரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வரிசை இது: 800, 1000, 1500, 2000, 3000. எல்லாமே தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வகையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நம்பரிலும் ஒரு திசையில் தேய்த்து, அடுத்த நம்பரில் அதற்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். முந்தைய கோடுகள் முழுதாக மறைந்தனவா என்று பார்க்க எளிய வழி அதுதான். பெரும்பாலும் ஒரு நம்பருக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும். நம்பர் மாற்றும்போது நகை, விரல், தண்ணீர்க் கிண்ணம் மூன்றையும் அலசுங்கள். 800-இன் ஒரே ஒரு துகள் 2000-க்கு வந்துவிட்டால், பாலிஷ் போட்ட பிறகுதான் அந்தக் கோடு கண்ணில் படும். திரும்ப 1000-லிருந்து தொடங்க வேண்டியதுதான். விலை குறைந்த செட்களின் குறை இங்கேதான் வருகிறது. 400, 800 கொடுத்துவிட்டு நேராக 3000-க்குத் தாவியிருப்பார்கள். 800 விட்ட கோட்டை 3000 நம்பரால் அழிக்க முடியாது. எவ்வளவு நேரம் தேய்த்தாலும் மேலே பளபளப்பும் அடியில் மங்கலுமாகவே நிற்கும். நடுவிலுள்ள மூன்று நம்பர்களும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். ரெசின் தூள் மூச்சில் போகக் கூடாது என்பதாலும் ஈரமாகத் தேய்ப்பதே நல்லது. உலர்வாகத் தேய்த்தே ஆக வேண்டுமென்றால் மாஸ்க் கட்டாயம்.

எல்லா நகைக்கும் 800 போடலாமா? கூடாது. உலர் பூவோ தங்கத் தாளோ வைத்துச் செய்தவற்றில், இதழின் நுனிக்கு மேல் சில சமயம் ஒரு தாள் கனத்துக்குத்தான் ரெசின் இருக்கும். தேய்த்து அது வெளியே வந்துவிட்டால், இதழ் ஈரத்தை இழுத்து ஓரத்திலிருந்து பழுப்பாகும். 'தங்கத் தாள்' என்று வருவதில் பெரும்பகுதி பித்தளைக் கலவைதான் என்பதால், காற்றுப் பட்டால் அதுவும் கறுக்கும். நகையைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, பூவுக்கு மேல் எவ்வளவு கனம் இருக்கிறது என்று பார்த்துவிட்டே உப்புத்தாளை எடுங்கள். சந்தேகமாக இருந்தால் பாலிஷோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பாலிஷ் கிரீம் பிளாஸ்டிக்குக்கானதாக இருக்க வேண்டும். ஒரு மிளகு அளவு எடுத்து, துணியில் தொட்டு, சிறு வட்டங்களாக இரண்டு மூன்று நிமிடம் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசினால் வேலை முடிந்தது. மோட்டார் கருவி வைத்திருப்பவர்கள் மிகக் குறைந்த வேகத்தில், ஃபெல்ட் முனையோடு, ஓரிடத்தில் நிற்காமல் ஓட்ட வேண்டும். உராய்வுச் சூட்டில் ரெசின் இளகி இழுபட்டால் அந்தத் தடத்தைப் பாலிஷால் எடுக்க முடியாது, மறுபடி உப்புத்தாள்தான். டூத் பேஸ்ட் யோசனை இணையத்தில் சாகாவரம் பெற்றது. அதிலுள்ள உரசு பொடி பிராண்டுக்கு பிராண்ட் மாறும். சிலது பளபளப்பாக்கும், சிலது மங்கலாக்கும். எது என்ன செய்யும் என்று தேய்த்த பிறகுதான் தெரியும் என்றால் அதை எதற்குத் தேய்ப்பது?

கிரீமில் சிலிக்கோன் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கார் டேஷ்போர்டு, மரச்சாமான் பாலிஷ் வகைகளைத் தவிர்க்கச் சொல்வதும் இதனால்தான். முதல் நாள் அழகாக மின்னும். ஆனால் என்றைக்காவது அந்த நகைக்கு மேல்பூச்சு போட நினைத்தால், புது ரெசின் அந்தப் படலத்தில் ஒட்டாமல் வட்ட வட்டமாக விலகி, மீன் கண் போலக் குழிகள் விடும்.

மேல்பூச்சு என்றதும் ஒரு விஷயம். ஆழமான கீறலுக்கும், பல வருடம் உழைத்து மங்கிய மோதிரத்துக்கும் செட்டைவிட நல்ல வழி, மெல்லிய யூவி ரெசின் பூச்சு. 600 நம்பரால் முழுப் பரப்பையும் மங்கலாக்க வேண்டும். வழுவழுப்பான இடம் விட்டுப்போனால் பூச்சு அங்கே உரியும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு ஒரே ஒரு தடவை துடைத்து, முழுதாக ஆவியாக விடுங்கள் (இந்த ஓர் இடத்தில் அதற்கு அனுமதி உண்டு). பல் குத்தும் குச்சியால் மெல்லியதாகப் பரப்பி, குமிழியைக் குத்தி எடுத்து, விளக்கின் கீழ் 2 முதல் 4 நிமிடம். தொட்டால் இன்னும் பிசுபிசுத்தால், காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்படலத்தை இறுகவிடாமல் தடுத்திருக்கிறது. மேலும் சில நிமிடம் காட்டுங்கள். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமை தரும், ஆகவே நைட்ரைல் கையுறை போடாமல் தொடாதீர்கள். வாங்கிய நாளிலிருந்தே பிசுபிசுக்கும் எபாக்சி நகை வேறு கதை. அது பெரும்பாலும் ரெசின், ஹார்டனர் அளவு தவறிய கலவை. எந்த கிளீனரும் அதைச் சரி செய்யாது. செய்தவரிடம் திருப்பிக் கொடுங்கள்.

யூவி ஸ்பிரே ஏன் வேண்டாம்? ஸ்பிரேக்கள் பலவற்றில் கரைப்பானே அசிட்டோன்தான். கனமாக அடித்தால் ரெசின் முகப்பே சுருங்கும். மெல்லியதாக அடித்தாலும், வழுவழுப்பான ரெசின் மேல் அந்தப் படலத்துக்குப் பிடிப்பு கிடையாது. வியர்வையும் உரசலும் பட்டு ஓரத்திலிருந்து உரிய ஆரம்பிக்கும். மஞ்சளாவதை வெயில் விரைவுபடுத்துகிறது என்பது சரி. ஆனால் ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் காற்றோடும் சூட்டோடும் சேர்ந்து இருட்டிலும் மெதுவாக மஞ்சளாகும். யூவி தடுப்பான் ரெசினுக்குள்ளேயே கலந்திருந்தால் இந்த மாற்றம் தாமதமாகும்; வாங்கும்போது விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

வினைல் பையின் தொல்லை மெதுவாகத் தெரியும். வினைல் என்பது பிவிசி பிளாஸ்டிக்; அதை மிருதுவாக்கச் சேர்க்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல வெளியே கசியும். நகை மாதக்கணக்கில் அதோடு ஒட்டிக் கிடந்தால் முகப்பு பிசுக்காகி, பையின் மடிப்புக் கோடு அதில் அச்சாகப் பதியும். பருத்தித் துணிப் பையோ பாலிதீன் ஜிப் கவரோ போதும், ஒரு கவருக்கு ஒரு நகை. சிலிக்கா ஜெல் உலோகக் கொக்கிக்குத்தான் உதவுமே தவிர ரெசினுக்கு அதனால் லாபமோ நஷ்டமோ இல்லை.

குறிப்புத் தாளில் 'சென்ட், சன்ஸ்கிரீன், சானிடைசர் எல்லாம் காய்ந்த பிறகு நகையைப் போடுங்கள்' என்று இருக்கும். முழுக்கச் சரி, செட்டிலேயே அதிகப் பயன் தரும் வரி அதுதான். அல்ட்ராசோனிக் கிளீனரில் (தண்ணீரை அதிரவைத்து அழுக்கு எடுக்கும் கருவி) போடலாம் என்று எழுதியிருந்தால் அதைக் கேட்காதீர்கள். அதிர்வு கொக்கி ஒட்டிய பசையைத் தளர்த்தும், கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைப் பெரிதாக்கும், தண்ணீரும் சூடேறும்.

சூட்டைப் பற்றித் தாளில் ஒரு வார்த்தையும் இருக்காது. வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டும், மெல்லிய காதணி வளைய அது போதும். வளைந்ததை எடுக்க, 50 முதல் 60 டிகிரித் தண்ணீரில் ஒரு நிமிடம் போட்டு, இளகியதும் இரண்டு வழுவழுப்பான தட்டுகளுக்கு நடுவே பேக்கிங் தாள் வைத்து அழுத்தி, மேலே கனம் ஏற்றி, முழுதாக ஆறும் வரை விடுங்கள். பாதி ஆறியதும் எடுத்தால் மறுபடி வளையும். உள்ளே மரமோ, ரெசினுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூவோ இருந்தால் தண்ணீருக்குப் பதில் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டலாம்.