இருபது வயது ஆக்டேவியாவின் புகைக் கசிவும் கணபதியில் ஒரு பட்டறையும்

என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டு மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், சிலிண்டருக்கு ஐந்து வீதம் இருபது வால்வுகள், எஞ்சினின் முதுகுப் பக்கம் ஒரு சிறிய டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சக்கரம். இந்தியாவில் விற்கப்பட்ட வண்டிக்கு 150 குதிரைத்திறன். ஸ்கோடா நிறுவனம் 2001ல் அவுரங்காபாத்தில் ஆக்டேவியாவைப் பூட்டி விற்கத் தொடங்கியது. அந்த முதல் தலைமுறை வண்டிகளில் ஓடும் நிலையில் மிஞ்சியிருப்பவை இன்று குறைவு. உதிரிபாகம்கூடத் தேடினால் கிடைத்துவிடுகிறது. இந்த எஞ்சினைத் தொட்டுப் பழகிய கைதான் எளிதில் அகப்படுவதில்லை. அப்படி ஒரு கை கோவையில், கணபதி பகுதிக்கு அப்பால், ஒரு பழைய ஃபவுண்டரியின் மதிலை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருக்கிறது என்று நண்பர் சொல்லிப் போனேன். பட்டறையின் பெயரை இங்கே எழுதவில்லை. உரிமையாளரே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வாசலில் ஏற்கெனவே ஐந்து வண்டிகள் வரிசையில் நிற்கின்றன.

கோளாறு தொடங்கியது ஒரு சத்தத்தில். காலையில் வண்டியைக் கிளப்பியதும் தையல் இயந்திரம் ஓடுவதுபோல் ‘டிக் டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். ஐந்தாறு நிமிடங்களில் எஞ்சின் சூடேறியதும் தானாக அடங்கிவிடும். பிறகு இழுவை குறையத் தொடங்கியது. நிமிடத்துக்கு 1,750 சுற்றிலேயே 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கிடைக்க வேண்டிய எஞ்சின் இது. என் வண்டியிலோ 2,500 சுற்றைத் தாண்டிய பிறகுதான் டர்போ விழித்துக்கொண்டது. நகருக்குள் பத்து கிலோமீட்டர் கொடுத்த மைலேஜ் எட்டுக்கு இறங்கியது. சிக்னலில் நிற்கும்போது ஏசி வழியாக லேசாகப் புகை நெடி வந்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. நெடி மூக்குக்குத் தெரியும். அதோடு சேர்ந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. அன்றிலிருந்து வண்டி சரியாகும் வரை குழந்தைகளை அதில் ஏற்றவில்லை.

முதலில் போனது வேறு ஒரு பெரிய பணிமனைக்கு. குளிரூட்டிய காத்திருப்பு அறை, காபி, கணினியில் அச்சிட்ட அறிக்கை எல்லாம் அங்கே உண்டு. டிக் டிக் ஒலி வால்வுகளைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம் என்றும், இழுவை குறைந்ததற்குக் காரணம் டர்போ தேய்ந்ததுதான் என்றும், மாற்ற 1,40,000 ரூபாய் ஆகும் என்றும் சொன்னார்கள். பானட்டைத் திறந்து எஞ்சினின் பின்பக்கத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டது; சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் டர்போவும் ஓட்டுநர் அறையைப் பிரிக்கும் தகட்டுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள சந்தில் ஒளிந்திருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் வெப்பத்தடுப்புத் தகடுதான் கண்ணில் படும். பார்க்கச் சிரமமான இடம் என்பது உண்மை. ஆனால் ஏறக்குறைய ஒன்றரை லட்சத்துக்கு விலை சொல்லும் முன் அந்தச் சிரமத்தைப் பட்டிருக்கலாம்.

கணபதிப் பட்டறைக்காரர் வண்டியை மாலையில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் காலை எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருந்தபோது என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சோதித்தார். கருவி அவரே செய்தது: பழைய பெயின்ட் டப்பா, அதற்குள் மின்சாரத்தில் சூடேறும் டீசல் எஞ்சினின் குளோ பிளக், கொஞ்சம் பேபி ஆயில், மூடியில் இரண்டு குழாய்கள். பேட்டரி இணைப்பைக் கொடுத்ததும் டப்பாவுக்குள் வெண்புகை திரண்டது. மெல்லிய காற்றழுத்தத்தில் அதைச் சைலன்சர் வாய் வழியாக உள்ளே அனுப்பி, வாயைச் சுற்றி ஈரத்துணியால் அடைத்தார். இரண்டு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நாலாவது சிலிண்டரின் ஓரத்திலிருந்து நூல் போலப் புகை எழுந்தது. நீண்ட கைப்பிடியுள்ள கண்ணாடியை அந்தச் சந்துக்குள் விட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். மேனிஃபோல்டும் சிலிண்டர்களை மேலே மூடும் எஞ்சின் ஹெட்டும் சேரும் விளிம்பிலிருந்து விசிறி விரித்தாற்போல் கரி படிந்திருந்தது. “டர்போ நல்லாத்தானுங்க இருக்குது. அதுக்குப் போக வேண்டிய புகை இங்கயே ஓடிப்போகுது, அப்புறம் அது எதை வெச்சுங்க சுத்தும்?” என்றார். டர்பைன் சக்கரத்தைச் சுழற்றுவதே அந்தப் புகையின் வேகமும் அழுத்தமும்தான் என்பதால், டர்போவுக்கு முன்னால் ஏற்படும் சிறு கசிவும் இழுவையைத் தின்றுவிடும். மைலேஜ் குறைந்ததற்கும் இதுவே காரணம். வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் ஐட்லிங்கில் புகைத் துடிப்புகளுக்கு இடையே அழுத்தம் தாழும்போது அந்த இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு பெட்ரோல் போதவில்லை என்று தவறாகச் சொல்ல, எஞ்சின் கணினி கூடுதலாகப் பெட்ரோலை ஊற்றுகிறது.

இந்த இரண்டுக்கும் இடையில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் ஏன் போகிறது என்பதை அவர் விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஓர் அடி நீளமுள்ள வார்ப்பிரும்பு 600 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீள்கிறது. அலுமினியம் அதைவிட இரு மடங்கு விரியும் உலோகம்தான் என்றாலும், ஹெட்டைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் அது நூறு டிகிரியை ஒட்டியே நிற்கிறது. அரை மில்லிமீட்டர்தான் நீள்கிறது. ஆக, ஒவ்வொரு முறை வண்டி சூடேறிக் குளிரும்போதும் மேனிஃபோல்டு ஹெட்டின் மீது உரசி நகர்கிறது. நகரவிடாமல் ஸ்டட்கள், அதாவது ஹெட்டில் திருகிய மரைக் கம்பிகள், பிடிக்கும்போது இரும்பு தனக்குள்ளேயே நசுங்கி, குளிர்ந்ததும் பழைய நீளத்தைவிடச் சற்றுக் குட்டையாகிவிடுகிறது. இருபது ஆண்டுகள் இது தொடர்ந்தால் மேனிஃபோல்டின் இரு முனைகளும் வளைந்து மேலெழும்பும். ஓர ஸ்டட்கள் உள்நோக்கி இழுபட்டு முறியும். காலையில் கேட்ட சத்தம் சூட்டில் அடங்கியதும் இரும்பு விரிந்து இடுக்கைத் தற்காலிகமாக அடைத்ததால்தான்.

கழற்றும் வேலைக்கு இரண்டு நாள் பிடித்தது. முதல் நாள் முழுவதும் நட்டுகளுக்குத் துரு இளக்கும் எண்ணெய் விடுவதிலேயே போயிற்று. எதிர்பார்த்தபடியே நாலாவது சிலிண்டர் ஓர ஸ்டட் ஏற்கெனவே முறிந்திருந்தது. ஹெட்டின் மட்டத்துக்கு மேல் 3 மில்லிமீட்டர் மட்டுமே நீட்டிக்கொண்டிருந்தது. துளையிட்டு எடுக்க முயன்றால் துரப்பணம் சற்றே விலகினாலும் அலுமினிய மரை கெட்டுவிடும். அவர் பேட்டரி இணைப்பையும் எஞ்சின் கணினியின் இணைப்பையும் கழற்றி, சுற்றிலும் ஈரச்சாக்கு போர்த்தி, அந்தத் துண்டின் மேல் ஒரு வாஷரை வைத்துப் பற்றவைத்தார். வாஷரின் மேல் ஒரு நட்டைப் பற்றவைத்தார். சிவப்பு தணிந்து கருமையாகும் வரை காத்திருந்து ஸ்பேனரைப் போட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மாற்றி மாற்றி அசைத்தார். முதல் நட்டு பிய்ந்து வந்துவிட்டது. இரண்டாவதும் பிய்ந்தது. மூன்றாவது நட்டோடு ஸ்டட் ‘கிரீச்’ என்று முனகிக்கொண்டு வெளியே வந்தபோது கொட்டகையில் இருந்த சிறு பையன் கைதட்டினான். மற்ற ஸ்டட்களையும் இந்த வாய்ப்பிலேயே மாற்றிவிட்டார்.

மேனிஃபோல்டின் முகத்தில் இரும்பு அடிமட்டத்தை வைத்து, அடியில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைத்துக் காட்டினார். நடுவில் எதுவும் நுழையவில்லை. நாலாவது சிலிண்டர் முனையில் 0.40 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போய் வந்தது. இந்த நிலையில் எவ்வளவு விலை உயர்ந்த கேஸ்கெட்டைப் போட்டாலும் நிற்காது. இரண்டு தெரு தள்ளியுள்ள லேத் பட்டறையில் சர்ஃபேஸ் கிரைண்டிங் செய்து மட்டமாக்கிக் கொண்டுவந்தார். பம்புசெட்டும் வார்ப்படமும் செய்யும் ஊரில் இருப்பதன் லாபம் இதுதான். இந்த வேலை மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்தது. குட்டையான மேனிஃபோல்டு புதிய ஸ்டட்களையும் பிடித்து இழுக்காதபடி இரு முனைகளிலுள்ள துளைகளை அரை மில்லிமீட்டர் பெரிதாக்கினார். இந்தச் சிறு காரியத்தை நான் இதற்கு முன் எங்கும் கண்டதில்லை. செட்டிபாளையத்திலுள்ள ‘கரி மோட்டார் ஸ்பீட்வே’ கார் பந்தயத் தடத்தில் ஓடிய கார்களுக்கு வேலை செய்த காலத்தில் கற்றதாம்.

கேஸ்கெட்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நாலு மாதங்களுக்கு முன் வேறொரு மெக்கானிக் இதே இடத்தில் தாளிலிருந்து வெட்டிய உள்ளூர் பேக்கிங் ஒன்றைப் போட்டு, இரு பக்கமும் சிவப்பு சிலிகான் பூசியிருந்தார். அது கருகி, அப்பளம் போல் நொறுங்கி வந்தது. அந்தச் சிலிகான் டப்பாவில் தாங்கும் வெப்பம் 340 டிகிரி என்றுதான் போட்டிருந்தது. பெட்ரோல் டர்போ எஞ்சின் ஏற்றத்தில் இழுக்கும்போது புகையின் வெப்பம் 800 டிகிரியைத் தாண்டும். எரிந்து உதிரும் பிசிறு நேராக டர்பைன் சக்கரத்துக்குத்தான் போகும் என்பது இன்னும் மோசம். இந்த முறை போட்டது ஜெர்மனியின் எல்ரிங் நிறுவனத்துப் பல அடுக்கு எஃகு கேஸ்கெட். மெல்லிய தகடுகளில் துளைகளைச் சுற்றி மேடாக அச்சிட்ட வளையங்கள் ஸ்பிரிங் போல் அழுந்தி மீள்வதால், உலோகம் நகர்ந்தாலும் அடைப்பு விடுவதில்லை. பசை எதுவும் பூசக் கூடாது, அவரும் பூசவில்லை. துளைகள் மேனிஃபோல்டோடு மயிரிழை பிசகாமல் பொருந்தின. 2,600 ரூபாய் என்பது தகட்டுத் துண்டுக்கு அதிகமாகத் தோன்றும். பழைய பேக்கிங்குக்குக் கொடுத்த 350 ரூபாயும் அதற்கான கூலியும் வீணானதை நினைத்தால் அதிகமில்லை.

பூட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு நட்டையும் இறுக்கவில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு சுற்றாக, 25 நியூட்டன் மீட்டர். கூடுதலாக இறுக்கினால் நல்லது என்ற எண்ணத்தில்தான் பாதி ஸ்டட்கள் முறிகின்றன என்றார். டர்போவின் எண்ணெய்க் குழாய்களுக்குப் புதிய செம்பு வாஷர்கள் போட்டு, இக்னிஷன் காயில் இணைப்புகளைக் கழற்றிவைத்து, எஞ்சினைச் சில விநாடிகள் வெறுமனே சுற்றவிட்டு, டர்போ பேரிங்குக்கு எண்ணெய் போய்ச் சேர்ந்த பிறகே கிளப்பினார்.

மறுநாள் காலை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியபோது டிக் டிக் இல்லை. டர்போ 1,800 சுற்றிலேயே இழுக்கிறது. நெடி அறவே இல்லை. மைலேஜ் மூன்றாவது டேங்கில் பத்தைத் தொட்டது. ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் போனபோது குளிர்ந்த நிலையில் எல்லா நட்டுகளையும் மறுபடி சரிபார்த்தார்; ஓரத்து இரண்டு மட்டும் இம்மி அளவு இறங்கின. அதற்குக் காசு வாங்கவில்லை.

குறைகளும் உண்டு. மூன்று நாளில் தருவதாகச் சொன்ன வண்டி ஒன்பதாவது நாள்தான் கைக்கு வந்தது. இடையில் ஏழெட்டு முறை அழைத்தும் தொலைபேசியை எடுக்கவில்லை. நேரில் போனால் மட்டுமே பதில் கிடைத்தது. வீடு வந்த மறுநாள் கூலன்ட் அரை லிட்டர் இறங்கியிருந்தது, உள்ளே சிக்கிய காற்றை முழுதாக வெளியேற்றாமல் விட்டிருக்கிறார்கள். வெப்பத்தடுப்புத் தகட்டின் போல்ட் ஒன்றைப் போட மறந்ததால் மேட்டில் ஏறும்போது தகரம் அதிர்ந்தது. திரும்பக் கொண்டுபோனபோது தயக்கமில்லாமல் “மறந்துட்டனுங்க” என்று ஒப்புக்கொண்டு பத்து நிமிடத்தில் சரி செய்தார். இவ்வளவு நுணுக்கமான வேலை தெரிந்தவர் கடைசிப் பத்து நிமிடத்தில் அவசரப்படுவது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

கணக்கு நோட்டுத் தாளில் வரி வரியாக எழுதித் தந்தார்: கூலி 9,500, கழற்றிய மூன்று இணைப்புகளுக்கும் சேர்த்துக் கேஸ்கெட்கள் 4,300, ஸ்டட் நட்டு வாஷர் வகையில் 1,850, கிரைண்டிங் 1,200, கூலன்ட் 900, மொத்தம் 17,750 ரூபாய். கழற்றிய பழைய ஸ்டட்களையும் கருகிய பேக்கிங்கையும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தார்.

வேறு வண்டி இல்லாதவர்கள், குறித்த நாளில் வண்டி வேண்டும் என்பவர்கள் இங்கே போக வேண்டாம். உட்காரக் கவிழ்த்த கிரீஸ் டப்பா ஒன்றுதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை; மற்ற நாட்களில் காலை பத்து மணிக்கு முன் போனால் அவரைப் பிடிக்கலாம். எஞ்சினைக் கிளப்பாமல் குளிர்ந்த நிலையில் காட்ட வேண்டுமானால், முந்தைய நாள் மாலையே வண்டியை விட்டுவிட வேண்டும்.