முங்கின கப்பலும் ஏற்காடும் ஒரே நாளில்: இந்த பேக்கேஜுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள்

சேலத்தில் இருக்கிற யாராவது பொங்கல் லீவுக்கு "காலையில் கடலுக்கடியில் கப்பல், ராத்திரி ஏற்காட்டில் கேம்ப் ஃபயர்" என்கிற பேக்கேஜை எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஆளுக்கு 8,500 ரூபாய். நானும் தம்பியும் சேர்ந்து 17,000 கட்டினோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை, தம்பிக்கு வலது காது இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

ஐந்து ரோடு பக்கம் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். தம்பிக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில் அவனுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நான்தான் அங்கே கூட்டிப்போனேன். உட்கார வைத்து டேப்லெட்டில் படம் காட்டினார்கள். கண்ணாடி மாதிரி நீலத் தண்ணீர், கப்பலின் வயிற்றுக்குள் வரிசையாக நிற்கிற பழைய மோட்டார் பைக்குகள், சுற்றிலும் மீன். "நம்ம கடலூர் கடல்ல பத்து மீட்டர்ல கிடக்குதுங்க, வெள்ளைக்காரன் காலத்துக் கப்பல், நீச்சல்கூடத் தெரிய வேண்டாம்" என்றார் அங்கிருந்தவர். அந்த பைக்குகளைப் பார்த்ததும் தம்பி முகம் மலர்ந்ததே, அதற்காகத்தான் அங்கேயே ஜிபேயில் பணம் போட்டேன். பணம் போனது ஒரு தனி ஆளின் நம்பருக்கு. பில் கேட்டதற்கு "வாட்ஸ்அப்ல வந்துரும்ங்க" என்றார்கள், இன்றுவரை வரவில்லை.

அந்தப் படத்தை ஊருக்குத் திரும்பிய பிறகு கூகுள் லென்ஸில் போட்டுப் பார்த்தேன். அது எகிப்து பக்கம் செங்கடலில் கிடக்கிற திஸில்கார்ம் என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பல். இரண்டாம் உலகப் போரின்போது, 1941 அக்டோபர் 6ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தது. ராணுவத்துக்குக் கொண்டுபோன பைக்குகளும் லாரிகளும் இன்னும் அதன் வயிற்றுக்குள் கிடக்கின்றன, அடிமட்டம் ஏறத்தாழ 30 மீட்டர். பயிற்சி எடுத்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் இறங்குகிற இடம் அது. அந்தப் படத்தைக் காட்டித்தான் எங்களிடம் கடலூரை விற்றார்கள்.

பணம் கட்டும்போது டி-ஷர்ட் சைஸ் கேட்டார்கள், உடம்புக்கு ஏதாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒழுங்கான இடத்தில் முதலில் ஒரு படிவத்தைக் கொடுத்து ஆஸ்துமா, இதய நோய், காது ஆபரேஷன், சளி என்று வரிசையாகக் கேட்டுக் கையெழுத்து வாங்குவார்களாம். தம்பிக்கு அந்த வாரம் முழுக்க மூக்கடைப்பு. நானே போன் பண்ணிச் சொன்னேன். "சொட்டு மருந்து விட்டுக்கச் சொல்லுங்க மேடம், அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று பதில் வந்தது.

அக்டோபர் கடைசி, இரண்டு நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. தென்பெண்ணையும் கெடிலமும் செம்மண் தண்ணீரைக் கொண்டுவந்து கொட்டுகிற கடல் அது, கரையிலிருந்து பார்க்கும்போதே டீ நிறத்தில் இருந்தது. ஃபைபர் படகில் நாங்கள் ஆறு பேர், பயிற்றுநர் என்று சொல்லப்பட்ட ஒரு பையன், படகு ஓட்டுகிற பெரியவர். முதல் தடவை டைவிங் பண்ணுகிறவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகும்போது ஒரு பயிற்றுநருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது பேடி (PADI) என்ற சர்வதேச டைவிங் பயிற்சி அமைப்பின் விதி. எங்களுக்கு ஆறு பேருக்கு ஒருவர். பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்தார், அதில் பாதி நேரம் கேமராவைப் பார்த்து எப்படிக் கை காட்டுவது என்பதற்கே போய்விட்டது.

அந்தப் படகுக்காரப் பெரியவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்களிடம் அன்றைக்கு உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். "வாடைக் காத்து ஆரம்பிச்சிருச்சு பாப்பா, தண்ணி கலங்கித்தான் கிடக்கும், தை மாசத்துக்கு அப்புறம் வந்திருக்கலாம்" என்றார். வெள்ளைக்காரன் கப்பலைப் பற்றிக் கேட்டேன். "கப்பலா? அது எங்க ஊரு லாஞ்சும்மா. புயல்ல முங்குனது. மீன் அண்டுதுன்னு நாங்க தூண்டில் போட வருவோம்" என்றார். அந்தப் பையன் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

இறங்கினோம். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டு மீட்டர் இறங்கினோம் என்று பிறகு சொன்னார்கள். கீழே மணலில் பாதி புதைந்த மரப்படகு, விலா எலும்பு மாதிரி நாலைந்து கட்டைகள், ஒவ்வொன்றிலும் கத்தி முனை போலச் சிப்பி. அந்தக் கட்டைகளைச் சுற்றிப் பச்சை நைலான் வலை தொங்கிக்கொண்டிருந்தது. மீன்பிடி இடத்தில் முங்கிக் கிடக்கிற எந்தப் படகிலும் அறுந்த வலை மாட்டிக் கிடக்கும், அதனால்தான் இந்த மாதிரி இடத்துக்கு இறங்குகிறவர் காலிலோ இடுப்பிலோ கத்தி கட்டியிருக்க வேண்டும். எங்கள் ஆளிடம் கத்தி இல்லை. தம்பியின் சிலிண்டர் வால்வு வலையில் சிக்கியது. அவன் உதற உதற மண் கிளம்பி, பக்கத்தில் இருந்த எனக்கே அவன் தெரியவில்லை, அவன் விட்ட மூச்சுக்குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தம் இப்போதும் தூக்கத்தில் வருகிறது. பையன் வந்து கையாலேயே இழுத்து விடுவித்தார். விடுபட்டதும் தம்பி பயத்தில் ஒரே மூச்சாக மேலே போய்விட்டான்.

எட்டு மீட்டர் ஆழத்தில் இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலுக்குள் அந்தக் காற்று ஏறக்குறைய 1.8 மடங்காக விரியும். நுரையீரல் கிழிய அது போதும். "மூச்சை அடக்காதே, விட்டுக்கொண்டே இரு" என்பது டைவிங்கின் முதல் பாடம், அதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தம்பி கத்திக்கொண்டே மேலே போனதால் காற்று வெளியே போனது, அதனால் தப்பித்தான். மேலே வந்து பார்த்தால் மாஸ்க்குக்குள் மூக்கிலிருந்து ரத்தம். "சகஜம்தான், உப்புத் தண்ணி" என்றார் பையன். மற்ற நாலு பேரையும் என்னையும் மறுபடி ஒருமுறை இறக்கினார்கள். நான் ஏன் இரண்டாவது தடவை இறங்கினேன் என்று அம்மா இன்னும் கேட்கிறாள். எதற்குச் சரி சொல்கிறேன் என்றே எனக்கு அப்போது தெரியவில்லை.

காது விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதாகப் புரியும். ஏற்காடு மலை ஏறும்போது காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் விடும், இல்லையா? இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து வருகிற மொத்த அழுத்த மாற்றமும் கடலில் முதல் ஒன்றரை மீட்டருக்குள்ளேயே வந்துவிடுகிறது. பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. அதனால் இறங்க இறங்க மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதைத் திறந்துகொண்டே போக வேண்டும். சளி பிடித்தவனுக்கு அது திறக்காது, அவனை இறக்கவே கூடாது.

அப்புறம் மலை. இதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன்.

பகல் 11 மணிக்குக் கடலை விட்டு ஏறினோம். சாப்பிட்டுவிட்டு வேனில் விருத்தாசலம், சின்னசேலம் வழியாக வந்தோம். ஆத்தூரில் டீ குடிக்கும்போது தம்பி காதைப் பிடித்துக்கொண்டே இருந்ததால் போனில் தேடினேன். டைவிங் பண்ணினால் உடம்பில் நைட்ரஜன் கரைந்திருக்கும், அது மெல்ல வெளியேற நேரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்குள்ளேயே குமிழாகிவிடலாம். ஒருமுறை இறங்கினால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கினால் 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது, 600 மீட்டருக்கு மேல் மலை ஏறினாலும் இதே கணக்குதான் என்று இருந்தது. ஏற்காடு 1,500 மீட்டர். அங்கே கடைகளில் சிப்ஸ் பாக்கெட் உப்பிப்போய்த் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள், மேலே காற்றழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கிற காற்று விரிகிறது. உடம்புக்குள் குமிழ் இருந்தால் அதற்கும் அதே கதிதான். எங்களை 11 மணிக்குக் கடலிலிருந்து ஏற்றி இரவு எட்டுக்குள் ஏற்காட்டில் இறக்குவதாகத்தான் திட்டம்.

மலை ஏறுவதற்கு முன்னால் கோரிமேட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். ஆபீஸ்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னால், "இத்தனை பேர் போய்ட்டு வந்திருக்காங்க, உங்களுக்கு மட்டும் என்னங்க? இறங்கினா ரூம் காசு வராது" என்றார். இறங்கிவிட்டோம். மற்ற நாலு பேரிடமும் சொன்னேன், அவர்கள் ரூம் காசை விட மனசில்லாமல் மேலே போனார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்ல வேளை.

மறுநாள் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். செவிப்பறைக்குப் பின்னால் ரத்தம் கட்டியிருக்கிறது, கிழியவில்லை என்றார். தலைக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது, மலை, விமானம் இரண்டும் தான் சொல்லும்வரை கூடாது என்றார். எட்டு மீட்டரில் பத்து நிமிஷம் இருந்ததற்கு நைட்ரஜன் ஆபத்து ரொம்பக் குறைவுதான் என்றும் சொன்னார், அதை மறைக்க எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் அதே ஆபீஸ் "டீப் கப்பல்" என்று 15 மீட்டருக்கு இன்னொரு பேக்கேஜும் விற்கிறது, நாளுக்கு மூன்று டைவ், அதிலும் ராத்திரி ஏற்காடுதான். முதல் தடவை இறங்குகிறவர்களை 12 மீட்டருக்குக் கீழே கொண்டுபோகவே கூடாது.

கப்பல் பார்க்க ஆசைப்படுவதில் தப்பே இல்லை. கோவாவில் கிராண்ட் தீவுக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்த கப்பல் கிடக்கிறது, அந்தமானிலும் உண்டு. பயிற்றுநரின் பேடி நம்பரையோ, அதே மாதிரி இன்னொரு அமைப்பான எஸ்எஸ்ஐ (SSI) நம்பரையோ கேளுங்கள், அந்த அமைப்பின் தளத்திலேயே போட்டுப் பார்க்கலாம். படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், நைட்ரஜன் குமிழ், நுரையீரல் கிழிவு மாதிரி டைவிங் ஆபத்துகளுக்கு முதலுதவியே ஆக்சிஜன்தான். எங்கள் படகில் தண்ணீர் கேன்தான் இருந்தது.

1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் சரியாக வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. எங்களோடு வந்த அந்த நாலு பேரோ, இதே பேக்கேஜில் போய்வந்த வேறு யாராவதோ இதைப் படித்தால் எழுதுங்கள், சேர்ந்தே போடலாம். நேற்று சாயங்காலம் அந்தப் பக்கம் போனேன். மாடிப்படிக்கு மேலே புது பேனர் கட்டியிருக்கிறார்கள், அதிலும் அதே பைக்குகள்தான்.