தரமிறக்கமுள்ள லீக்கா, மூடிய லீக்கா? மழையும் நெடுந்தூர கோல்களும் காட்டும் கணக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் நடைபெறும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகளில் பெரும்பாலானவை விலகல் முறையில் அமைந்தவை. முதல் போட்டியில் தோற்ற கழகம் அன்றே வீடு திரும்பும். மூன்று மாதம் பயிற்சி செய்த இளைஞர்களுக்கு அந்த ஆண்டில் கிடைப்பது அறுபது நிமிட ஆட்டம் மட்டுமே. ஆகவே ஒழுங்கான லீக் ஒன்று வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு முன்மாதிரிகள் முன்வைக்கப்படுகின்றன. ஒன்று, தரமுயர்வும் தரமிறக்கமும் உள்ள இங்கிலாந்தின் திறந்த லீக்; மற்றையது, அமெரிக்காவின் மேஜர் லீக் சொக்கரையும் தொடக்க கால இந்தியன் சுப்பர் லீக்கையும் போன்ற மூடிய லீக். எது கவர்ச்சியானது என்பதை விட, பருவகாலம் இடைநடுவில் முறிந்தால் எது தாங்கும், மைதானத்தில் விழும் ஒரு நல்ல கோலுக்கு எது கூடுதல் பெறுமதி தரும் என்ற இரண்டு கேள்விகளே நமக்கு முக்கியமானவை என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்துப் பிரீமியர் லீக் 1992இல் 22 கழகங்களுடன் தொடங்கி, 1995இலிருந்து 20 கழகங்களாகச் சுருங்கியது. ஒவ்வொரு கழகமும் ஏனைய கழகங்களைச் சொந்த மைதானத்தில் ஒரு தடவையும் எதிரணி மைதானத்தில் ஒரு தடவையும் சந்திப்பதால் ஆளுக்கு 38 போட்டிகள், மொத்தம் 380 போட்டிகள். இறுதிப் போட்டி என்று எதுவும் இல்லை. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பெறுபவர் சம்பியன், கடைசி மூன்று கழகங்கள் கீழ்ப் பிரிவுக்குச் செல்கின்றன. 1996இல் 10 அணிகளுடன் தொடங்கிய அமெரிக்க லீக்கில் இப்போது 30 அணிகள் உள்ளன. அவை கிழக்கு, மேற்கு என இரண்டாகப் பிரிந்து ஆளுக்கு 34 போட்டிகளில் ஆடியபின், முன்னணி அணிகள் மட்டும் விலகல் சுற்றுக்குள் நுழைந்து கிண்ணத்துக்காக மோதுகின்றன. கடைசி இடத்தில் வந்தாலும் எவரும் இறக்கப்படுவதில்லை. கீழே எவ்வளவு திறமையான கழகம் இருந்தாலும், அனுமதிக் கட்டணம் செலுத்தாமல் உள்ளே வர முடியாது.

இந்த வேறுபாட்டின் ஆழத்தைக் காட்டும் கோல் ஒன்று உண்டு. 1996 ஓகஸ்ட் 17ஆம் திகதி, பருவகாலத்தின் முதல் நாளில், மன்செஸ்டர் யுனைடெட்டின் டேவிட் பெக்கம் நடுக்கோட்டருகே இருந்து உதைத்த பந்து, முன்னே வந்து நின்ற விம்பிள்டன் கோல் காப்பாளர் நீல் சலிவனின் தலைக்கு மேலாகச் சென்று வலைக்குள் விழுந்தது. கோலை அடித்தவரின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோலைத் தன் வலைக்குள் வாங்கிய கழகத்தின் கதைதான் லீக் அமைப்பைப் பற்றிப் பேசுகிறது. விம்பிள்டன் 2000இல் தரமிறங்கியது. பின்னர் அதன் உரிமையாளர்கள் கழகத்தை மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டு செல்லத் தீர்மானித்தனர். அதை ஏற்காத இரசிகர்கள் 2002இல் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்ற புதிய கழகத்தை ஒன்பதாம் அடுக்கில் தொடங்கி, ஒன்பது பருவங்களில் ஐந்து தடவை தரமுயர்ந்து, 2011இல் நான்காம் அடுக்குக்கு வந்து சேர்ந்தார்கள். மூடிய லீக்கில் கழகம் ஊர் மாறுவதற்கு வழி உண்டு. விட்டுச் செல்லப்பட்ட ஊருக்கு ஆடியே திரும்பி வருவதற்கு வழியில்லை.

லூட்டன் கழகத்தின் கதையும் இத்தகையதே. 2006 ஜனவரியில் எஃப்.ஏ. கிண்ணப் போட்டியில் லிவர்பூலின் சாபி அலொன்சோ தன் சொந்தப் பாதியிலிருந்து, காப்பாளர் இல்லாத வலைக்குள் பந்தைச் செலுத்தியது லூட்டனின் மைதானத்தில்தான். அடுத்த சில ஆண்டுகளில் லூட்டன் சரிந்து, 2009இல் ஐந்தாம் அடுக்குக்கே போனது. அங்கிருந்து ஏறி 2023இல் பிரீமியர் லீக்கை அடைந்து, மறு ஆண்டே மீண்டும் இறங்கியது. ஏறாவூரிலோ மருதமுனையிலோ பணபலமற்ற ஒரு கழகத்தை நடத்துபவருக்கு, அமெரிக்க மாதிரியின் எந்தக் கவர்ச்சியையும் விட இந்த வரைபடமே பொருள் உள்ளது.

இனி ஒரு கோலின் எடையைப் பார்ப்போம். 2019 மே 6ஆம் திகதி லெஸ்டருக்கு எதிராக மன்செஸ்டர் சிட்டி கோலின்றித் தடுமாறியபோது, மத்திய பின்வரிசை வீரரான வின்சன்ட் கொம்பனி ஏறத்தாழ 25 யார் தொலைவிலிருந்து அடித்த பந்து மேல்மூலையில் புகுந்தது. அந்தப் போட்டியின் ஒரே கோல் அதுவே. பருவ முடிவில் சிட்டிக்கு 98 புள்ளிகள், லிவர்பூலுக்கு 97. அந்தப் போட்டி சமநிலையாகியிருந்தால் கிண்ணம் கைமாறியிருக்கும். இதற்கு எதிர்ப்புறத்தில் 2018 மார்ச் 31ஐ வைத்துப் பாருங்கள். லொஸ் ஏஞ்சல்ஸ் கலக்ஸிக்காக முதன்முறை களமிறங்கிய ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச், ஏறத்தாழ 40 யாரிலிருந்து பந்தை உதைத்து கோலாக்கினார். 0-3 எனப் பின்தங்கியிருந்த அணி 4-3 என வென்றது. ஆனால் கலக்ஸி அந்த ஆண்டு ஒரேயொரு புள்ளியால் விலகல் சுற்றைத் தவறவிட்டது. அழகில் இரண்டாவது கோலே உயர்ந்தது என்பேன். ஆயினும் முதல் கோல் ஒரு பருவகாலத்தைத் தீர்மானித்தது. இரண்டாவது, காணொளித் தொகுப்புகளில் மட்டும் வாழ்கிறது.

கோல் காப்பாளர்கள் அடித்த கோல்கள் தனிவகை. 2013 நவம்பரில் ஸ்டோக் சிட்டியின் அஸ்மிர் பெகோவிச், சவுதாம்ப்டனுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 13ஆவது செக்கனில் உதைத்த பந்து, காற்றின் உதவியுடன் துள்ளி எதிர்க் காப்பாளரைத் தாண்டியது, தூரம் 91.9 மீற்றர். 2021 ஜனவரியில் நியூபோர்ட் கவுண்டியின் டொம் கிங் 96.01 மீற்றரிலிருந்து அடித்து அந்த உலக சாதனையை முறியடித்தார். இரண்டு போட்டிகளும் 1-1 என முடிந்தன என்பது வேடிக்கை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது கரையோர மைதானங்களில் பந்து என்ன செய்யும் என்பதை அறிந்தவர்களுக்கு இத்தகைய கோல்கள் வியப்பளிக்கமாட்டா. விலகல் முறையில் அத்தகைய சமநிலை, தண்டனை உதைகளில் கரைந்துவிடும். புள்ளி முறையில் அது ஒரு புள்ளியாகவாவது பட்டியலில் நிற்கும்.

இடைநிறுத்தம் என்று வரும்போதுதான் திறந்த லீக்கின் பலவீனம் வெளிப்படுகிறது. 1939இல் போர் தொடங்கியதும் மூன்று சுற்றுகளுடன் ஆங்கில லீக் கைவிடப்பட்டது. அப்போது முதலிடத்தில் இருந்த பிளக்பூல் அந்தப் பட்டத்தை இன்றுவரை வென்றதில்லை. 2020இல் கொரோனாவால் எல்லா நாடுகளும் ஒரே சிக்கலை எதிர்கொண்டு வெவ்வேறு விடைகளைக் கண்டன. இங்கிலாந்து மார்ச்சில் நிறுத்தி, ஜூன் 17இல் வெறும் அரங்குகளில் மீண்டும் தொடங்கி எல்லாப் போட்டிகளையும் முடித்தது. நெதர்லாந்து சம்பியனும் இல்லை, தரமிறக்கமும் இல்லை என்று பருவத்தையே மூடியதால், இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்றிருந்த கம்பூர் கழகம் ஏற முடியாமல் இன்னொரு ஆண்டு காத்திருந்தது. பிரான்ஸ் பத்துச் சுற்றுகள் மீதமிருக்க, விளையாடிய போட்டிகளின் சராசரிப் புள்ளியை வைத்து முடிவை அறிவித்தது. பாதுகாப்பான இடத்துக்கு நான்கு புள்ளிகளே குறைவாக இருந்த அமியான்ஸ் கழகம் இறக்கப்பட்டது. நான்கு புள்ளிகளை மீட்கப் பத்துப் போட்டிகள் போதும் என்பதை எவரும் மறுக்கமாட்டார்கள்.

அமெரிக்கர்கள் இந்த விடயத்தில் இலகுவாகத் தப்பினார்கள். இரண்டு சுற்றுகளுடன் நின்ற லீக்கை, ஜூலையில் ஒர்லாண்டோவில் ஒரே இடத்தில் நடந்த சுற்றுப்போட்டியாக மாற்றி, அதன் குழுநிலைப் போட்டிகளைப் பருவக் கணக்கிலும் சேர்த்தார்கள்; இரண்டு அணிகள் தொற்றினால் விலகியபோதும் அமைப்புக் குலையவில்லை. இறக்கப்படுவதற்கு எவரும் இல்லாத இடத்தில் நீதிமன்றத்துக்குப் போவதற்கும் காரணம் குறைவு. ஆனால் மூடிய லீக்குக்கும் ஒற்றை ஆணிவேர் உண்டு. இந்தியச் சம்மேளனத்துக்கும் வணிகப் பங்காளிக்கும் இடையிலான உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்த நிலையில், அவ்வாண்டு ஜூலையிலேயே இந்தியன் சுப்பர் லீக் நிறுத்தி வைக்கப்பட்டது. 2025இல் புதிய பருவத்தின் ஒரு பந்துகூட உதைக்கப்படவில்லை.

நம் நாட்டிலோ இரண்டு வகைத் தடைகளும் அடுத்தடுத்து வந்தன. 2021இல் பத்துக் கழகங்களுடன் தொடங்கிய சுப்பர் லீக் கொரோனாவால் இடைநின்று, பின்னர் நிறைவுபெற்று, புளூ ஸ்டார் சம்பியனானது. அந்தப் பத்தில் கிழக்கு மாகாணக் கழகம் ஒன்றுமில்லை. 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கைச் சம்மேளனத்தைத் தடைசெய்து ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. இவற்றோடு நமக்கு வடகீழ்ப் பருவமழையும் உண்டு. 1978 நவம்பர் சூறாவளியையும், 2025 நவம்பரில் கிழக்குக் கரையில் ஏறிய டித்வா புயலையும் விட்டுவிட்டாலும், சாதாரண ஆண்டிலேயே நவம்பர் முதல் ஜனவரி வரை மைதானங்களில் தண்ணீர் நிற்கும்.

ஆகவே என் தெரிவு திறந்த லீக்தான். ஆனால் இங்கிலாந்தின் இரட்டைச் சுற்று வடிவில் அல்ல. ஸ்கொட்லாந்தில் 12 கழகங்கள் 33 போட்டிகளை முடித்தபின் மேல் ஆறு, கீழ் ஆறு என இரண்டாகப் பிரிந்து இன்னும் ஐந்து போட்டிகளில் ஆடுகின்றன. அந்த எண்ணத்தைச் சிறிதாக்கினால், எட்டுக் கழகங்கள் ஒற்றைச் சுற்றில் மோதுவதற்கு 28 போட்டிகளே தேவை. அதன்பின் நான்கு நான்காகப் பிரித்து, மேற்குழுவில் சம்பியனையும் கீழ்க்குழுவில் தரமிறங்குபவரையும் தீர்மானிக்கலாம். மழையோ வேறு தடையோ பிரிவுக்குப் பின் குறுக்கிட்டால், எல்லோரும் எல்லோரையும் ஒரு தடவை சந்தித்துவிட்ட பட்டியல் கையில் இருக்கும். அமியான்ஸ் சிக்கல் எழாது. இந்த விதியைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி எல்லாக் கழகங்களிடமும் கையொப்பம் வாங்க வேண்டும், ஏனெனில் இடைநிறுத்தத்துக்குப் பின் எழுதப்படும் விதி எதுவும் யாரோ ஒரு கழகத்துக்கு எதிராக எழுதப்பட்டதாகவே பார்க்கப்படும்.

செலவைப் பொறுத்தவரை அமெரிக்கர்களிடம் ஒன்றைக் கடன் வாங்கலாம்: ஒர்லாண்டோவில் செய்ததுபோல, ஒரே நாளில் இரண்டு மூன்று போட்டிகளை ஒரு மைதானத்தில் வைத்தால், ஒரு வாரம் மட்டக்களப்பு வெபர் அரங்கிலும் மறுவாரம் கல்முனை சந்தாங்கேணி மைதானத்திலுமாக, மத்தியஸ்தர் செலவும் போக்குவரத்தும் குறையும். தொடக்க நாளைப் பெரும்போக அறுவடைக்கும் நோன்புப் பெருநாளுக்கும் பின்னர் வைத்து, இறுதிச் சுற்றைச் செப்டெம்பருக்குள் முடிக்க வேண்டும். ஆடி அமாவாசையை ஒட்டி மாமாங்கத் திருவிழா நடக்கும் வாரங்களில் மட்டக்களப்பு நகரில் போட்டி வைக்காமல் அம்பாறைப் பக்கத்துக்கு மாற்றினால், இடைவெளி விடவேண்டிய தேவையும் இருக்காது.