சோடியம் குறைந்த உப்பு: நல்ல சரக்கு, ஆனால் எல்லோருக்கும் இல்லை

பிரஷர் ஏறியிருக்கிறது, உப்பைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னதும் பலர் முதலில் தேடுவது ‘லோ சோடியம்’ பாக்கெட்டைத்தான். எங்கள் சமையலிலும் கொஞ்ச காலமாக அதுதான். கம்பெனி பெயர் சொல்லவில்லை, எதை வாங்கினாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: சாதா உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு.

முதலில் ருசி. வேகவைத்த முட்டைமேல் தூவிச் சாப்பிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். எடுத்ததும் உப்பு, அப்புறம் அடிநாக்கில் ஒரு மெல்லிய கசப்பு. புளிப்பும் காரமுமாகக் கொதிக்கிற எதிலாவது போட்டால் யாருக்கும் தெரியாது. கரிப்பு பத்தவில்லையே என்று இன்னொரு ஸ்பூன் போட்டால் மட்டும் காரியம் கெட்டது. 100 கிராம் சாதா உப்பில் சோடியம் சுமார் 39 கிராம், கால்வாசி மாற்றிய உப்பில் சுமார் 29 கிராம். குறைவுதானே தவிர, இல்லாமல் போய்விடவில்லை.

சரி, பலன் உண்டா? உண்டு. சோடியம் கூடினால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் அளவு கூடும், அந்த அழுத்தத்தை வருடக்கணக்கில் வாங்கி வாங்கி ரத்தக்குழாய்ச் சுவர் விறைத்துப்போகும், உள்பூச்சு சேதமான இடத்தில் கொழுப்பு படியும். பொட்டாசியம் இதற்கு நேர் எதிர்: சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும், குழாய்ச் சுவரைத் தளர்த்தும். சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள 60 வயது தாண்டியவர்களுமாக ஏறத்தாழ 21,000 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. கால்பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. வெறும் உப்பை மாற்றியதற்கு இது பெரிய விஷயம்.

என் கோபமெல்லாம் பாக்கெட்டின்மேல்தான். முன்பக்கம் பெரிதாக ஓர் இதயம் படம், ‘ஆரோக்கியம்’ என்று கொட்டை எழுத்து. யார் சாப்பிடக் கூடாது என்பது பின்பக்கம், மடிப்புக்குள், எறும்பு அளவு எழுத்தில். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைத்துவிடும். ராமிப்ரில், லோசார்டன், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. அதாவது, பிரஷருக்காக இந்த உப்பைத் தேடி வருகிற ஆளே டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாதவராக இருக்கலாம்! இதை முன்பக்கத்தில் போட என்ன தயக்கம்?

இன்னொன்று, வீட்டில் சமைக்கிறவர்களுக்குத்தான் இதனால் லாபம். சிப்ஸ், பிரெட், உடனடி நூடுல்ஸ், பாக்கெட் சூப் என்று ஓட்டுகிறவர்களுக்கு உப்பு முக்கால்வாசி அங்கேயே ஏறிவிடும், உப்பு டப்பாவை மாற்றி என்ன பயன்? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு, ஒரு டீஸ்பூன்கூட முழுசாக வராது. பக்கத்து அலமாரியில் இருக்கும் பிங்க் உப்பை இதற்கு மாற்றாக எடுத்துவிடாதீர்கள், நிறம்தான் வேறு, கிட்டத்தட்ட முழுவதும் அதே சோடியம் குளோரைடு.

ஐந்துக்கு மூன்றரை. வாங்கும்போது அயோடின் சேர்த்ததா என்று பாருங்கள், எல்லாப் பாக்கெட்டிலும் இருப்பதில்லை.